அமெரிக்க ரூட்ஸ் இசையைக் கேட்கப் பழகுவது எப்படி: பாடகரை விடுங்கள், பேண்ட் லீடரைப் பிடியுங்கள்

அமெரிக்க ரூட்ஸ் இசைக்குள், அதாவது அந்தந்த வட்டார மக்களிடையே வேரூன்றிய பழைய இசைக்குள், நுழைய நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: ப்ளூஸ், கன்ட்ரி, ப்ளூகிராஸ், கேஜன் என்று பெயர் போட்ட ஏதோ ஒரு பிளேலிஸ்ட்டைத் திறந்து மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே போவது. பத்துப் பாட்டு தாண்டுவதற்குள் எல்லாம் ஒரே மாதிரி தோன்றிவிடும், அதோடு விட்டுவிடுவார்கள். பாவம், குறை அவர்கள் காதில் இல்லை, போன வழியில்தான். நான் சொல்வது வேறு வழி. ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே பேண்ட் நடத்திய ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் யாரையெல்லாம் வேலைக்கு வைத்தார், யார் ஆடுவதற்காக வாசித்தார், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு வட்டாரத்தின் ஓசை மண்ணிலிருந்து தானாக முளைத்துவிடவில்லை. டிரம்ஸ் வேண்டுமா, மைக்குக்கு முன்னால் யார் நிற்பது, எந்த வாத்தியத்தைத் தூக்கி எறிவது, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுகளைக் காதால் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

கேள்வி ஒன்றே ஒன்று போதும், எந்த ரெக்கார்டைப் போட்டாலும் அதையே கேளுங்கள்: தாளத்தை யார் சுமக்கிறார்? பாட்டு என்ன சொல்கிறது, பாடகர் எப்படிப் பாடுகிறார் என்பதெல்லாம் அப்புறம். இந்த இசை பெரும்பாலும் நடனக் கூடத்துக்காகச் செய்யப்பட்டது, ஆடுகிறவர்களின் கால் நின்றுபோனால் அடுத்த வாரம் கூட்டம் வராது, பேண்டுக்குச் சம்பளமும் கிடையாது. அதனால் தாளத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது ஒரு லீடர் எடுத்த மிகப் பெரிய முடிவு. அதைக் கேட்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

டெக்சஸும் ஓக்லஹோமாவும்: பாப் வில்ஸ்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் தயங்காமல் பாப் வில்ஸ் என்பேன். 1905-ல் டெக்சஸில் பிறந்தவர், ஃபிடில் (நாட்டார் பாணி வயலின்) வாசிக்கும் குடும்பம். பருத்தி வயல்களில் கறுப்பினத் தொழிலாளர்களோடு சேர்ந்து வளர்ந்ததால் ப்ளூஸும் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டது. 1930களின் தொடக்கத்தில் ஃபோர்ட் வொர்த் நகரத்தில் பர்ரஸ் மில் என்ற மாவு ஆலை, தன் மாவை விற்பதற்காக ரேடியோவில் ஒரு குழுவைப் பாட வைத்தது. பெயர் லைட் கிரஸ்ட் டோபாய்ஸ். வில்ஸும் பாடகர் மில்டன் பிரவுனும் அதில் இருந்தார்கள். ஆலையின் மேலாளர் டபிள்யூ. லீ ஓடேனியல், பிற்பாடு டெக்சஸ் கவர்னராகவே ஆனவர், குழு நடனக் கூடங்களில் வாசிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். 1932-ல் பிரவுன் வெளியேறி மியூசிக்கல் பிரவுனீஸ் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 1933-ல் வில்ஸும் போய்விட்டார்.

இந்தத் தகராறைப் புரிந்துகொண்டால் வெஸ்டர்ன் ஸ்விங், அதாவது ஃபிடில் இசையும் ஸ்விங் ஜாஸும் கலந்த இவர்களுடைய நடன இசை, பாதி புரிந்த மாதிரி. ரேடியோ பேரைக் கொடுக்கும், ஆனால் சோறு போடுவது நடனக் கூடம். மதியம் ரேடியோவில் கேட்டவர்கள் ராத்திரி கூடத்துக்கு வருவார்கள், வருபவர்களுக்கு ஃபாக்ஸ் டிராட்டும் வேண்டும், வால்ட்ஸும் வேண்டும், பழைய ஃபிடில் மெட்டும் வேண்டும், ப்ளூஸும் வேண்டும். அத்தனையையும் ஒரே குழு ஒரே ராத்திரியில் கொடுத்தாக வேண்டும். 1934-ல் வில்ஸ் ஓக்லஹோமாவின் டல்சாவுக்குப் போய் கேவிஓஓ ரேடியோ நிலையத்திலும் கெய்ன்ஸ் பால்ரூம் என்ற கூடத்திலும் நிலைகொண்டார். 1935-ல் ஸ்மோக்கி டேகஸ் என்ற டிரம்மரைச் சேர்த்தார். ஃபிடில் குழுக்களில் டிரம்ஸ் என்பது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். அந்தக் காலத்திலேயே சாக்ஸஃபோன், டிரம்பெட், மின்சார ஸ்டீல் கிட்டார் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1944 கடைசியில் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை ரேடியோ நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடைக்கு டிரம்ஸோடு போய் நின்றார். அந்த மேடையில் டிரம்ஸுக்கு இடமே கொடுக்காத காலம் அது. எனக்கு வில்ஸ் மீது இருக்கும் மரியாதைக்கு இந்தப் பிடிவாதம் பெரிய காரணம்.

சரி, கேட்பது எப்படி? முதலில் 'சான் அன்டோனியோ ரோஸ்' மெட்டின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போடுங்கள். 1938-ல் வந்தது பாட்டில்லாத வாத்தியப் பதிவு. 1940-ல் அதே மெட்டுக்கு வரிகள் போட்டு, டாமி டங்கன் பாட, ஊதுகருவிகள் முன்னுக்கு வர, 'நியூ சான் அன்டோனியோ ரோஸ்' என்று வெளியானது. இரண்டே ஆண்டுதான் இடைவெளி, ஆனால் இரண்டாவதைக் கேட்கும்போது பெரிய நகரத்து ஸ்விங் பேண்டோ என்று சந்தேகம் வரும். லீடர் ஒருவர் தன் குழுவை வேறு திசைக்குத் திருப்புவதைக் காதால் கேட்பதென்றால் இதுதான்.

அடுத்து டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ். 1940களின் நடுவில், வில்ஸ் கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகு, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ரேடியோ நிலையங்களுக்கு அனுப்புவதற்காகப் பதிவு செய்தவை. கடையில் விற்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும், இவற்றுக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் வாத்தியக்காரர்கள் கொஞ்சம் கையை நீட்டி வாசிக்கிறார்கள். இதைக் கேட்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். வில்ஸ் பாட்டுக்கு நடுவில் ‘ஆஹா’ என்று உச்சக் குரலில் கூவுவார், கூடவே அடுத்து தனியாக வாசிக்கப் போகிறவரின் பெயரையும் சொல்வார். அந்தப் பெயரை எழுதுங்கள், பக்கத்தில் என்ன வாத்தியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். டைனி மூர் மின்சார மேண்டலின், ஜூனியர் பர்னார்ட் கரடுமுரடான கிட்டார், ஹெர்ப் ரெமிங்டன் ஸ்டீல் கிட்டார் என்று ஓர் ஆல்பம் முடிவதற்குள் அரை டஜன் பேர் அறிமுகமாகிவிடுவார்கள். எந்தப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் சொல்லித் தராது, லீடரே வரிசையாக ஆளை அறிமுகப்படுத்துகிறார்.

அதே ரெக்கார்டை இரண்டாம் முறை போடுங்கள், இப்போது எல்டன் ஷாம்ப்ளின் கிட்டாரை மட்டும் தேடுங்கள். பாட்டுக்கு அடியில் ஒவ்வொரு தட்டுக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிக்கொண்டே நகரும், பாஸ் வாத்தியத்தோடு கைகோத்துப் போகும். முதல் தடவை காதில் விழாது. ஹெட்ஃபோன் போட்டு, ஃபிடிலையும் குரலையும் வேண்டுமென்றே ஒதுக்கித் தேடினால் கிடைக்கும். கிடைத்துவிட்டால் பிறகு எந்த வெஸ்டர்ன் ஸ்விங் பதிவிலும் முதலில் உங்கள் காது அங்கேதான் போகும்.

மில்டன் பிரவுனையும் விட்டுவிடாதீர்கள். 1936-ல் கார் விபத்துக்குப் பிறகு இறந்துவிட்டார், அதனால் பெயர் மங்கிப்போனது. ஆனால் அவர் குழுவில் பாப் டன் 1935-ல் வாசித்த மின்சார ஸ்டீல் கிட்டாரைக் கேட்டால், கிட்டாரை ஒரு டிரம்பெட் போல நினைத்து வாசிக்கிறார் என்று புரியும்.

டிரம்ஸே வேண்டாம் என்றவர்: பில் மன்ரோ

இங்கிருந்து நேரே கென்டக்கிக்குத் தாவுங்கள். வில்ஸ் வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டே போனார், பில் மன்ரோ கழித்துக்கொண்டே போனார். 1911-ல் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர், ஃபிடில் வாசித்த மாமா பென்டில்டன் வேண்டிவரிடமும், ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின இசைக்கலைஞரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றவர். 1939-ல் கிராண்ட் ஓல் ஓப்ரியில் சேர்ந்தார். அவருடைய குழுவான ப்ளூ கிராஸ் பாய்ஸின் பெயரே பின்னால் ஒரு இசை வகைக்குப் பெயராகிவிட்டது.

1946 செப்டம்பரில் கொலம்பியா நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளைத் தேடி எடுங்கள். மன்ரோ மேண்டலின், லெஸ்டர் ஃப்ளாட் கிட்டார், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பேஞ்சோ, சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பாஸ். ஐந்தே பேர், டிரம்ஸ் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அப்படியானால் தாளத்தை யார் சுமக்கிறார்? பாஸ் ஒன்றாவது தட்டில் விழும், அடுத்த அரைத்தட்டில் மன்ரோவின் மேண்டலின் ‘சக்’ என்று வெட்டும். தந்தியை மீட்டிய மறு கணமே இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை நெரித்துவிடுவார், அதனால் ஸ்வரம் கேட்காது, தட்டு மட்டுமே கேட்கும். அதாவது குழுவின் டிரம்மர் லீடரேதான். வேகம் அவர் கையில் இருக்கிறது, ஒருவரும் மிஞ்சிப் போக முடியாது. அந்த ‘சக்’கை ஒரு பாட்டு முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், மேலே பேஞ்சோ எவ்வளவு கொட்டினாலும் அது அசையாது.

மன்ரோவை வைத்துச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, ஒரு வம்சாவளி வரைவது. 1948-ல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் விலகித் தங்கள் குழுவைத் தொடங்கினார்கள். ஜிம்மி மார்ட்டின், மேக் வைஸ்மன், டெல் மெக்குரி, பீட்டர் ரோவன் என்று அவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போய்த் தனிக் கடை போட்டவர்கள் ஏராளம். ஒரு தாளில் நடுவே மன்ரோ பெயரை எழுதி, யார் எந்த ஆண்டு வந்தார், எங்கே போனார் என்று கோடு இழுத்துக்கொண்டே போங்கள். ப்ளூகிராஸ் முழுவதும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்து யாரைக் கேட்பது என்ற குழப்பம் அதோடு தீர்ந்துவிடும்.

லூயிசியானா: கிளிஃப்டன் செனியர்

1925-ல் லூயிசியானாவின் ஓப்பலூசஸ் அருகே பிறந்த கிளிஃப்டன் செனியர்தான் சைடிகோ இசைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர். அங்கே பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்கள் வாசித்துவந்தது சின்னப் பொத்தான் அக்கார்டியன், அதில் குறிப்பிட்ட சில சுருதிகளுக்கு மேல் போக முடியாது. செனியர் பெரிய பியானோ அக்கார்டியனை எடுத்தார். ப்ளூஸுக்கும் ரிதம் அண்ட் ப்ளூஸுக்கும் வேண்டிய எல்லாச் சுருதியும் அதில் கைக்கு வரும். ஒரு வாத்தியத்தை மாற்றினார், வட்டாரத்தின் இசையே மாறிவிட்டது.

தாளத்துக்கு வாருங்கள். அதுவரை துணி துவைக்கும் தகரப் பலகையைத்தான் கையில் பிடித்துச் சுரண்டி வாசிப்பார்கள். செனியர் 1946-ல், டெக்சஸ் போர்ட் ஆர்தரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலையில் இருந்த வில்லி லாண்ட்ரி என்பவரிடம், தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு தகரச் சட்டையைச் செய்யச் சொன்னார். பெயர் ஃப்ராட்வார். அண்ணன் கிளீவ்லாண்ட் செனியர் அதை மார்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையிலும் பாட்டில் திறப்பான்களை வைத்து உரசுவார். இரண்டு கையும் விடுதலையானதால் தாளம் இரட்டிப்பாகிவிட்டது, ஒரு கை ஓட, மறு கை குறுக்கே வெட்டும்.

இதைக் கேட்க 1975-ல் பதிவான 'போகலூசா பூகி' ஆல்பத்தைப் போடுங்கள். முதல் தடவை அக்கார்டியனைத் தவிர ஒன்றும் கேட்காது, அவ்வளவு பெரிய ஓசை. இரண்டாம் தடவை வலது, இடது என்று காதை நகர்த்தி அந்தத் தகர உரசலைப் பிடியுங்கள். டிரம்ஸ் ஒரு கணக்கில் போகும், தகரம் அதற்கு மேல் இன்னும் நுணுக்கமாகப் பொடிப்பொடியாக நிரப்பிக்கொண்டு போகும், இரண்டுக்கும் நடுவில் அக்கார்டியன் ஏறி உட்காரும். சைடிகோவில் ஆடாமல் நிற்க முடியாமல் போவதற்குக் காரணம் இந்த மூன்றடுக்குதான்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். ஹூஸ்டனிலிருந்து லூயிசியானா வரை கத்தோலிக்கத் தேவாலயக் கூடங்களில் நடந்த நடனங்கள் இந்தக் குழுக்களுக்கு வாழ்வு கொடுத்தன. அர்ஹூலி ரெக்கார்ட்ஸ் நடத்திய கிறிஸ் ஸ்டிராக்விட்ஸ் 1964-ல் ஹூஸ்டனில் ஒரு சின்ன பீர் கடையில் செனியரை முதன்முதலில் கேட்டார். ஸ்டிராக்விட்ஸுக்குப் பழைய பிரெஞ்சுப் பாட்டுகள் வேண்டும், செனியருக்கோ ரிதம் அண்ட் ப்ளூஸ் பதிய வேண்டும். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று சமரசம் செய்துகொண்டார்கள், 1965-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே அந்தப் பாகப்பிரிவினை கேட்கிறது. ரெக்கார்ட் கம்பெனியின் ஆசையும் லீடரின் ஆசையும் எங்கே பிரிகின்றன என்று கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள், எல்லா வட்டாரத்திலும் இது உண்டு.

டெக்சஸ் எல்லையோரம்

நார்சிசோ மார்டினெஸ் பெயரை இங்கே அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டே ஆக வேண்டியவர். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வளர்ந்த அக்கார்டியன் கலைஞர், 1936-ல் பதிவு செய்யத் தொடங்கினார். அக்கார்டியனில் இடது கைக்கு பாஸ் பொத்தான்கள் உண்டு. அவர் அந்தப் பக்கத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு, தாளத்தையும் பாஸையும் சான்டியாகோ அல்மெய்டாவின் பாஹோ செக்ஸ்டோ என்ற பன்னிரண்டு தந்திக் கிட்டாரிடம் ஒப்படைத்தார். வலது கை சுதந்திரமாகப் பறந்தது. இன்றுவரை டெக்சஸ் மெக்சிகோக்காரர்களின் கொன்ஹுன்டோ இசைக்கு அதுதான் அடித்தளம். ப்ளூபேர்ட் கம்பெனி அவருடைய போல்கா (துள்ளலான ஐரோப்பிய நடன மெட்டு) பதிவுகளையே லூயிசியானாவின் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களுக்கு ‘லூயிசியானா பீட்’ என்றும், போலந்துக்காரர்களுக்கு ‘போல்ஸ்கி குவார்டெட்’ என்றும் பெயர் மாற்றி விற்றது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை! போல்காவும் அக்கார்டியனும் ஜெர்மானிய, செக் குடியேறிகளிடமிருந்து வந்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டிருந்தன. பிற்பாடு வலேரியோ லோங்கோரியா டிரம்ஸைச் சேர்த்தார், டோனி டி லா ரோசா வேகத்தைக் குறைத்து நிதானமான நடைக்குக் கொண்டுவந்தார்.

சிகாகோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ப்ளூஸ் பேண்ட் நடத்திய மடி வாட்டர்ஸைப் பற்றி எங்கும் கிடைக்கும். 1941-ல் மிசிசிப்பியின் ஸ்டோவால் தோட்டத்தில் ஆலன் லோமாக்ஸ் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்த அவருடைய தனிக் கிட்டார்ப் பாட்டுகளைக் கேளுங்கள், உடனே 1954-ன் குழுப் பதிவுகளைக் கேளுங்கள். நடுவில் நடந்தது 1943-ல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்ததும், இரைச்சலான கிளப்புகளுக்குத் தேவைப்பட்ட ஆம்ப்ளிஃபையரும்தான். அவர் குழுவின் லிட்டில் வால்டர் மைக்கையும் ஹார்மோனிகாவையும் ஒன்றாகக் கைக்குள் பொத்தி ஊதும்போது அது சாக்ஸஃபோன் வரிசை செய்யும் வேலையைத் தனியாகச் செய்கிறது. ஜிம்மி ராஜர்ஸ், ஓட்டிஸ் ஸ்பான், ஜேம்ஸ் காட்டன் என்று இவருக்கும் ஒரு வம்சாவளித் தாள் போடலாம்.

லேபிள்களை நம்பாதீர்கள்

1920களில் ரெக்கார்ட் கம்பெனிகள் கறுப்பினத்தவர் இசையை ‘ரேஸ்’ (இனம்) என்றும், தெற்கத்திய வெள்ளையர் இசையை ‘ஹில்பில்லி’ (மலைநாட்டான்) என்றும் தனித்தனிப் பட்டியலில் போட்டு விற்றன. இனப் பாகுபாட்டு வியாபாரம் அது. கலைஞர்களோ ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டே இருந்தார்கள், வில்ஸும் மன்ரோவும் அதற்குச் சாட்சி. இன்றைக்கும் ஸ்ட்ரீமிங் தளங்களின் வகைப் பெயர்கள் அந்தப் பழைய பிரிவினையின் பேரப்பிள்ளைகள்தான். அதனால்தான் வகையை விட்டு ஆளைப் பிடியுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு தொல்லை, பாட்டின் ஆண்டு என்று காட்டுவது பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. 1936-ல் பதிவானதற்கு 2004 என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு என்றால் சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் அமெரிக்கப் பதிவுகளின் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவான நாள், ஊர், பல சமயம் வாசித்தவர்கள் பெயர் வரை இலவசமாகக் கிடைக்கும். எல்லையோர இசைக்கு யூசிஎல்ஏ-வின் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஃப்ரான்டெரா தொகுப்பு. அர்ஹூலி ஆல்பங்கள் 2016 முதல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் கையில் இருக்கின்றன, அவற்றோடு வரும் குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பயிற்சி. 'சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஒரே பாட்டை எடுங்கள். 1930-ல் மிசிசிப்பி ஷீக்ஸ் பதிவு செய்தது முதலில், ஒரு ஃபிடில், ஒரு கிட்டார், குரல், அவ்வளவே. அடுத்து 1935-ல் பாப் வில்ஸ். பிறகு பில் மன்ரோ பாடியது. கடைசியாக 1957-ல் ஹவ்லின் வுல்ஃப் சிகாகோவில் பதிந்தது. பாட்டு வரிகளைக் கண்டுகொள்ளாதீர்கள். நான்கிலும் முதல் இருபது நொடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, தாளம் யார் கையில் இருக்கிறது, இதற்கு எந்த வேகத்தில் ஆட முடியும், இல்லை உட்கார்ந்து கேட்கத்தான் முடியுமா, லீடர் எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். பெயரை மறைத்து யாரையாவது கலைத்துப் போடச் சொல்லி மறுபடி முயன்று பாருங்கள். நான்கையும் ஊர் வாரியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தால், அடுத்த வட்டாரத்துக்குப் போகலாம்: கிளீவ்லாண்டின் ஸ்லோவேனிய போல்காவுக்கு ஃப்ராங்கி யாங்கோவிக், கேன்சஸ் சிட்டிக்கு கவுண்ட் பேசி, பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு பக் ஓவன்ஸ். எனக்கு விருப்பம் பேசி. ஜோ ஜோன்ஸ் தாளத்தைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து ஹை-ஹாட் தட்டுகளுக்கு மாற்றியதை அங்கேதான் கேட்கப் போகிறீர்கள்.